கல்லறையும் சாட்சிதான்

எல்லாருக்கும் வணக்கம். நான் பேச்சிப்பாறைப் பக்கம் ரொம்ப வருசம் வாத்தியாரா இருந்தவன், வக்கீல் கிடையாது, இங்க காட்டுல இருக்குற காணிக்காரப் பழங்குடிகளுக்கு மனு எழுதிக் குடுத்து குடுத்தே காட்டுச் சட்டம் படிச்சவன்.

நேஷனல் பார்க்கும் சரணாலயமும் ஒண்ணுதான்னு நெறைய பேர் சொல்லுவாவ. அப்படி இல்ல. ரெண்டும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துலதான் வருது, ஆனா நேஷனல் பார்க்னு அறிவிக்கணும்னா உள்ள இருக்குறவங்க உரிமையெல்லாம் முதல்ல அரசு கைக்கு வந்துரணும், அப்புறம் ஆடு மாடு கூட மேய்க்க விட மாட்டாங்க. சரணாலயத்துல சில உரிமைய கலெக்டர் தொடர விடலாம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் காடு பெரும்பாலும் சரணாலயம்.

அதுக்கு மேல 2006ல வன உரிமைச் சட்டம் வந்துச்சு. 2005 டிசம்பர் 13க்கு முன்னயே காட்டுல இருந்த பழங்குடிக்கு வீடு, வெவசாயம், தேன், கெழங்கு எல்லாத்துக்கும் உரிமை உண்டு. அதே சட்டத்துல அஞ்சாம் பிரிவுனு ஒண்ணு இருக்கு, அதை யாரும் எடுத்துச் சொல்றதே இல்ல, காட்டையும் மிருகத்தையும் காப்பாத்துற அதிகாரமும் பொறுப்பும் கிராமசபைக்கு இருக்குன்னு தெளிவா எழுதியிருக்கு. பன்னிக்கு வச்ச கம்பிச் சுருக்கு எங்க கெடக்கு, தீ எந்தச் சரிவுல ஏறுதுன்னு முதல்ல பாக்குறது அங்க இருக்குறவங்கதான், நாளைக்கே வெரட்டிருவாங்களோன்னு பயந்துட்டு இருக்குற மனுசன் அதை யார்கிட்ட போய்ச் சொல்லுவான்?

இந்தச் சட்டப்படி உரிமை கேட்டு ஒரு பாட்டிக்கு மனு எழுதப் போயிருந்தேன். "பேப்பர் ஒண்ணுமில்லியே சாரே"ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் பின்னால பிலாமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனாவ, கையாலயே பாசியத் தேச்சு விட்டாவ, அது அவங்க மாமனாரப் பொதச்ச எடத்துக் கல்லு. அதையும் எழுதித்தான் குடுத்தோம், டாக்குமெண்ட் இல்லன்னு மனுவத் திருப்பி விட்டுட்டாங்க, எனக்கு அன்னைக்கு ராத்திரி ஒறக்கமே வரல. வன உரிமைச் சட்டத்தோட விதிய எடுத்துப் பாத்தா பதிமூணாவது விதியில கல்லறை, பழைய வீட்டுத் தடம், பெரியவங்க வாய்மொழி எல்லாம் ஆதாரம்னே இருக்கு, ஆனா ஒண்ணு மட்டும் பத்தாது, ஒண்ணுக்கு மேல வேணும். அதனால காணிக்காரங்களோட தலைவர் மூட்டுக்காணி சொல்லச் சொல்ல தனியா ஒரு வாக்குமூலம் எழுதி, விதி நம்பரையும் மேல போட்டுக் குடுத்தோம், ரெண்டாவது தடவ வாங்கிட்டாங்க.

மனு இன்னும் குடுக்காதவங்க இதக் கேட்டுட்டு இருந்தா, உங்க ஊருல வயசானவங்க சொல்றத இந்த வாரமே எழுதி ரேகை வாங்கி வச்சிருங்க, அந்தக் கல்லக் காட்டித் தந்த பாட்டி போன மழைக்குப் போயிட்டாவ.