முறிந்த கால் மறுபடி ஓடும்

வணக்கம் நேயர்களே.

கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தவர், பனையால் விழுந்தவர், பள்ளிக்கூடத்தில் பந்தடிக்கப் போய்க் கால் முறிந்தவர் என்று வன்னியில் ஒவ்வொரு ஊரிலும் நாலைந்து பேராவது இருப்பார்கள். நான் ஓர் இயன்மருத்துவர். முறிந்த எலும்பை வைத்தியர் நேராக்கிக் கட்டிய பிறகு, அந்தக் காலை மறுபடி நடக்கப் பழக்குவது என் வேலை. வயதானவர்கள் என்னிடம் கேட்பது, "எப்ப தம்பி கட்டு அவிழ்ப்பினம்?" என்று. பிள்ளைகள் கேட்பது, "எப்ப ஓடலாம்?" என்று. இன்றைக்கு இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். பெற்றோரும், விளையாட்டுக்குப் பொறுப்பான சேர்மார், ரீச்சர்மாரும் கொஞ்சம் காது கொடுங்கள்.

நோ போவது ஒன்று, எலும்பு சேர்வது வேறொன்று. இரண்டும் ஒரே நாளில் நடப்பதில்லை. நோ முதலில் போய்விடும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

எலும்பு முறிந்ததும் உள்ளே இரத்தம் கசிந்து, முறிந்த இடத்தைச் சுற்றி உறைகிறது. அந்த உறைவுக்குள்தான் புது எலும்புக்கான வேலை தொடங்குகிறது. முதல் நாட்களின் வீக்கமும் சூடும் அதன் அடையாளம். அடுத்த இரண்டு மூன்று கிழமையில் நாரும் குருத்தெலும்பும் வளர்ந்து இரண்டு முனைகளையும் பிடிக்கின்றன. இதில் கல்சியம் இன்னும் ஏறவில்லை, அதனால் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இடைவெளி அப்படியே கிடக்கு" என்று கலங்குகிறவர்கள் உண்டு. கலங்க வேண்டாம், உள்ளே வேலை நடக்கிறது. அப்புறம் கல்சியம் ஏறி, ஏறத்தாழ 6 முதல் 12 கிழமைக்குள் கெட்டியான புது எலும்பு முறிவைச் சுற்றித் திரள்கிறது. கீழ்க்கால் முறிந்தவர்கள் முன்பக்க எலும்பில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், ஒரு மேடு தட்டுப்படும். பிழையாகப் பொருந்தியதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்தத் திரட்சிதான் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருக்கிறது.

ஆனால் அது அவசரத்தில் கட்டிய எலும்பு. குளக்கட்டு உடைத்தால் முதலில் மண்மூட்டை அடுக்குகிறோம். தண்ணீர் நிற்கும். அதற்காக அன்றைக்கே கட்டின்மேல் உழவு இயந்திரம் விடுகிறோமா? மண் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கிய பிறகுதானே விடுகிறோம். எலும்பில் அந்த இறுக்குகிற வேலை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நடக்கிறது. ஒருவகைக் கலங்கள் தேவையில்லாத எலும்பைக் கரைத்து எடுக்கின்றன, இன்னொரு வகைக் கலங்கள் தேவையான இடத்தில் புதிதாகக் கட்டுகின்றன. தோல் வெட்டுப்பட்டால் தழும்போடுதான் ஆறும். எலும்போ பழையபடி எலும்பாகவே ஆறுகிறது. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இதில் வியப்பு அடங்கவில்லை.

எங்கே கரைப்பது, எங்கே கட்டுவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன்மேல் விழுகிற சுமை. யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் வைத்தியர் 1892இல் இதை விரிவாக எழுதினார். விண்வெளியில் சுமையே இல்லாமல் மிதக்கிறவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஆகவே முறிந்த காலைக் கட்டிலில் வைத்துப் பொத்திப் பொத்திப் பார்ப்பதும் நல்லதல்ல. வைத்தியர் "ஊன்றலாம்" என்று சொன்ன நாளிலிருந்து, சொன்ன அளவுக்கு ஊன்றத்தான் வேண்டும். ஊன்றுவதும் மருந்துதான்.

"உள்ளுக்குக் கம்பி கிடக்கு, இனிப் பயமில்லை" என்று சிலர் சொல்வார்கள். கம்பி எலும்பைச் சேர்க்காது. சேரும் வரை ஆடாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். எலும்பு சேராமலே திரும்பத் திரும்பச் சுமை ஏற்றினால் நாளடைவில் கம்பியே களைத்து முறியும்.

முறிவு வைத்தியரிடம் போவது எங்கள் சனத்தின் பழைய வழக்கம், அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். புது முறிவில் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். யார் கட்டிய கட்டானாலும், விரல்கள் நீலம் பாய்ந்தால், விறைத்தால், நோ மணிக்கு மணி கூடினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது எங்கள் ஆட்கள் பலருக்குப் பழைய செல் (எறிகணை) துண்டுகளும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பலமான காந்தத்தால் படம் பிடிக்கிற எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் துண்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தக் காந்தம் இரும்பை அசைக்கும்.

சாப்பாட்டில் பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்த வேண்டாம். முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி, குரக்கன் மா, முருங்கையிலை, எள்ளு எல்லாம் எலும்புக்கு வேண்டியவை. பீடி, சிகரெட், சுருட்டு எலும்பு சேர்வதைத் தெளிவாகவே பிந்த வைக்கும். சேரும் வரைக்குமாவது விடுங்கள்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். பிளாஸ்டரை வெட்டிய அன்று காலைப் பார்த்திருக்கிறீர்களா? கெண்டைச் சதை வற்றி, தோல் செதில் செதிலாக உரிந்து, கணுக்கால் மடங்காமல் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. சதை வற்றிய காலில் அதைத் தாங்க உதவி குறைவு. வளர்ந்தவர்களுக்குக் கீழ்க்கால் எலும்பு நன்றாகச் சேர மூன்று நான்கு மாதம், சில வேளை அதற்கும் மேல் எடுக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கெதியாகச் சேரும். ஆகவே நாட்காட்டியைப் பார்த்து ஓடத் தொடங்க வேண்டாம். எக்ஸ்ரேயைப் பார்த்து வைத்தியர் சரி என்று சொல்ல வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் நொண்டாமல், நோகாமல் வேகமாக நடக்க முடிய வேண்டும். முறிந்த காலில் மட்டும் நின்று, சுவரில் விரலை வைத்துக்கொண்டு குதியைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். நல்ல கால் எத்தனை தரம் செய்கிறதோ, அதற்குக் கிட்டவாவது இதுவும் செய்ய வேண்டும். கடைசியாக, அந்த ஒற்றைக் காலால் மெதுவாகக் கெந்திப் பாருங்கள். முகம் சுளித்தால் இன்னும் நேரம் வரவில்லை.

இவ்வளவும் சரியென்றால், ஒரு நிமிடம் மெல்ல ஓடி இரண்டு நிமிடம் நடவுங்கள். அப்படி ஐந்தாறு தரம், பிறகு வீட்டுக்குப் போங்கள். அடுத்த நாள் ஓட வேண்டாம். முதலில் ஓடுகிற நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைக் கடைசியில் பார்ப்போம். பள்ளிக்கூட மைதானம் போன்ற மட்டமான நிலம் நல்லது. அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயலும், மாடு மிதித்த குளக்கட்டும் இப்போதைக்கு வேண்டாம். சதை முழுக்கப் பரவலாக உளைந்தால் அது வேலை செய்த அலுப்பு. முறிந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடியதாக நொந்தால், அல்லது மறுநாள் காலையிலும் நோ நின்றால், ஒரு படி பின்னுக்கு வாருங்கள். நோவை மறைக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விழாமலே எலும்பு வெடிக்கலாம். தை மாதம் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்க, மாதக்கணக்கில் ஓடாத பிள்ளையைத் திடீரென்று காலையும் மாலையும் ஓட விட்டால், கீழ்க்கால் எலும்பிலோ பாதத்திலோ மயிர் வெடிப்பு வரலாம். புதுச் சுமைக்கு எலும்பு முதலில் கரைத்துவிட்டுத்தான் கட்டுகிறது, அந்த இடைக்காலத்தில் அது பலவீனமாக இருக்கும். முதல் இரண்டு மூன்று கிழமை எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். பயிற்சியில் ஓடும் பெண்பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனால், உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்று முதலில் சந்தேகியுங்கள். எலும்பும் அதோடு பலம் இழக்கும். ரீச்சர்மார் வெட்கப்படாமல் தனியாகக் கூப்பிட்டு இதைக் கேளுங்கள். அந்தப் பிள்ளை ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டி "இதிலதான் நோகுது" என்று சொன்னால், அன்றைக்கே பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புங்கள்.