கொலுவும் ஆர்க்கிட்டும் ஒரே ஜன்னலுக்குச் சண்டை!

வணக்கம் மக்களே! குரல் கரகரன்னு இருக்கா? ராத்திரி பதினொன்றரைக்கு நைட்டி மேல ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வெளிய டெக்ல ஆர்க்கிட் தொட்டி தூக்கினா வேற எப்படி இருக்கும்.

செப்டம்பர் கடைசி ஆச்சா, இங்க அமெரிக்காவுல, நியூ ஜெர்சி எடிசன்ல பகல்ல வெயில் பளிச்சுன்னு அடிக்குது, இருட்டினா ஜில்லுன்னு ஆயிடுது. போன்ல பாத்தா ராத்திரி 57 டிகிரி வரைக்கும்தான் இறங்கும்னு போட்டிருந்துச்சு, இங்க எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. ஊர்ல இருக்கறவங்க செல்சியஸ் கணக்குக்கு 14. சரி விடுன்னு படுக்கப் போனவ, சும்மா நம்ம தெர்மாமீட்டரை எட்டிப் பாத்தேன். 51!

இந்தத் தெர்மாமீட்டர் கதையைச் சொல்லியே ஆகணும். பக்கத்துத் தெரு கராஜ் சேல்ல அந்தத் தாத்தா 3 டாலர் சொன்னார், நான் 2 கேட்டேன், குடுத்துட்டார். ஜெயிச்ச மாதிரி வீட்டுக்கு வந்து பாத்தா பேட்டரி இல்ல. அந்தப் பட்டன் பேட்டரி மட்டும் ஆறரை டாலர்! வீட்டுக்காரர் ரெண்டு நாளா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறார். சிரிக்கட்டும். ராத்திரி எவ்வளவு இறங்குச்சு, பகல்ல எவ்வளவு ஏறுச்சுன்னு ரெண்டையும் அது ஞாபகம் வச்சுக்குது. போன் சொல்றது ஊருக்குப் பொதுவா, என் டெக்குக்கு இல்ல. மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில சூடு நேரா வானத்துக்குப் போயிடும். அதே டெக்ல செங்கல் சுவர் ஓரமா வச்சுப் பாத்தேன், 55. பகல் முழுக்க வாங்கின வெயிலைச் சுவர் மெதுவா விடுது, அதான்.

முதல்ல ஃபெலனாப்சிஸ்ங்கற ஆர்க்கிட் வகை உள்ள போகணும். ஒரு ரெண்டு மூணு வாரம் 60 ஒட்டி லேசா குளிர் பட்டா நல்லது, அதுலதான் பூத்தண்டே கிளம்பும். அதுக்காகத்தான் இவ்வளவு நாள் வெளியவே வச்சிருந்தேன். 50 பக்கம் போனா இலையில தண்ணி கோத்த மாதிரி குழி குழியா விழும். போன வருஷம் ஒண்ணு நடுக்குருத்து அழுகிச் செத்துச்சே, வீடியோல அழுதேனே, அது குளிர் மட்டும் இல்ல, சாயங்காலம் தண்ணி ஊத்தின என் புத்தி. இப்ப காலையில மட்டும்தான்.

நம்ம குண்டம்மா, அதான் அந்தப் பெரிய சிம்பிடியம் ஆர்க்கிட், வெளியதான் இருக்கப் போறா. "பாவம்க்கா, உள்ள எடுங்க"ன்னு கமெண்ட் போடாதீங்க. பாவம் பாத்து ரெண்டு வருஷம் சீக்கிரமே உள்ள எடுத்து, வெறும் இலையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவளுக்கு 50, 55ன்னு ராத்திரிக் குளிர் வேணும். 40 பக்கம் வரும்போது பாத்துக்கலாம். டென்ட்ரோபியம் நோபிலேங்கற இன்னொரு ஆர்க்கிட்டும் அப்படித்தான், அதுக்கு உரத்தை நிறுத்திட்டு தண்ணியையும் குறைச்சாச்சு.

திடீர்னு ஒரு ராத்திரி ரொம்ப இறங்கினா பழைய காட்டன் பெட்ஷீட் போத்துங்க, காலையில எடுத்துடுங்க. பிளாஸ்டிக் ஷீட் எனக்குக் கண்ணுலயே காட்டக் கூடாது. அது இலையைத் தொடற இடமெல்லாம் கருகுது. சூட்டுக்குன்னு எல்ஈடி சீரியல் லைட் சுத்தறாங்களே, அதுல என்னங்க சூடு வரும்? அழகுக்குச் சுத்துங்க.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன்! உள்ள எடுக்கறதுக்கு முன்னாடி தொட்டியோட பக்கெட் தண்ணியில ஒரு இருபது நிமிஷம் முக்கி வைங்க. எறும்பு, நத்தை எல்லாம் மேல வந்துடும். இலைக்கு அடியில மாவுப்பூச்சி இருக்கான்னும் பாருங்க. நேத்து அவசரத்துல நான் முக்கலை.

வெயில் வர்ற தெற்கு ஜன்னல்ல கொலுப்படி நிக்குது, அதனால தொட்டியை எல்லாம் கீழ்ப்படி ஓரமா வரிசையா வச்சேன். காலையில பாத்தா தொட்டியில இருந்து கிளம்பின எறும்பு செட்டியார் பொம்மை மேல ஏறி, தசாவதாரத்தைத் தாண்டி, கலசம் வரைக்கும் போயிருக்கு. வெத்தலை பாக்குக்கு வந்த மாமி வேற, "பார்க் நல்லா இருக்கும்மா, பூதான் ஒண்ணையும் காணோம்"ங்கறாங்க. மாமி, ஜனவரியில வாங்க!