மூச்சு பொய்யா?

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எதிரணித் தோழர்களே, வணக்கம்.

'பதினேழாம் நூற்றாண்டு டச்சு வானிட்டாஸ் ஓவியங்கள் நம்மிடம் சொல்வது, உலகை விடு என்பதா, உலகை உற்றுப் பார் என்பதா?' இதுதான் இன்றைய தலைப்பு. வானிட்டாஸ் என்பது, வாழ்வின் நிலையாமையை நினைவூட்டும் பொருள்களை வைத்து வரைந்த ஓவிய வகை. உற்றுப் பார் என்ற அணியில் நான் நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மண்டை ஓட்டில் தொடங்கி மணற்கடிகாரத்தில் முடித்தார். அணைகிற விளக்கு என்றால் சாவு, கவிழ்ந்த கோப்பை என்றால் வெறுமை, பூ என்றால் வாடும் இளமை, நாணயம் என்றால் கூட வராத செல்வம் என்று அகராதி போலப் பொருள் சொன்னார். கடைசியில் பைபிளின் பிரசங்கி நூலை எடுத்து, 'மாயை, மாயை, எல்லாம் மாயை' என்று அடித்துப் பேசினார். கைதட்டலும் வாங்கினார். வானிட்டாஸ் என்ற பெயரே அந்த வரியின் லத்தீன் வடிவத்திலிருந்து வந்ததுதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, அந்த ஒரு சொல்லில் நான் கொஞ்சம் நின்றாக வேண்டும். மாயை என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? பொய்த்தோற்றம். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ஹெவெல். அதற்கு மூச்சு, ஆவி என்று பொருள். மார்கழி விடியலில் வாயைத் திறந்தால் புகை போல வெளியே வருமே, அதுதான். மூச்சு பொய்யா? இருக்கிறது, அப்புறம் கலைந்துவிடுகிறது. பொய்யை விடச் சொன்னால் நியாயம். கொஞ்ச நேரமே இருக்கப்போகிற மெய்யை, இருக்கும்போதே பார்க்கத்தானே வேண்டும்?

சரி, ஓவியருக்கு எபிரேயம் தெரியுமா என்று எதிரணி கேட்கும். தெரிந்திருக்கவே வேண்டாம். கையைப் பாருங்கள். டச்சு ஓவியர் யாக் டி கெய்ன் 1603-ல் வரைந்த ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தனி வானிட்டாஸ் ஓவியங்களில் நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். சுவர்மாடத்தில் மண்டை ஓடு, அதற்கு மேலே ஒரு பெரிய நீர்க்குமிழி. மனிதன் ஒரு குமிழி என்பது ஐரோப்பாவிலும் பழைய பேச்சு. அந்தப் பேச்சை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் ஒரு வட்டம் போட்டால் போதும். அவரோ குமிழியை ஒளி ஊடுருவும்படி வரைந்து, அதற்குள் மங்கலாகத் தெரியும் உருவங்களைக்கூட விடாமல் தீட்டினார்.

எதிரணி சொன்ன ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஓவியங்கள் செழித்த லெய்டன், நெதர்லாந்தில் கால்வினின் சீர்திருத்தக் கிறிஸ்தவ இறையியல் ஊறிய பல்கலைக்கழக நகரம். 1635-ல் கொள்ளைநோய் அந்த ஊரைக் கடுமையாகத் தாக்கியது. சாவு அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். ஆனால் சாவை நினைவூட்டத்தான் ஊரில் பிரசங்கம் இருந்ததே! 1566-ல் தேவாலயங்களின் சிலைகளையும் படங்களையும் உடைத்த உருவ உடைப்புக் கலகம் நடந்தது. பின்னர் சீர்திருத்தத் திருச்சபையின் கையில் வந்த கோயில்களில் ஓவியத்துக்கு இடமில்லாமல் போனது. அதனால் ஓவியர்கள் வீடுகளை நோக்கித் திரும்பினார்கள். மக்கள் காசு கொடுத்து வாங்கி, தினமும் கண்ணில் படும்படி வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். தினமும் பார்க்கத்தான் மாட்டினார்கள், ஐயா.

இன்னொன்று. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ஹார்மன் ஸ்டீன்வைக் 1640 வாக்கில் வரைந்தது இருக்கிறது. மண்டை ஓடு, சங்கு, ஜப்பானிய வாள், அணையும் விளக்கு எல்லாம் அதில் உண்டு. வலப்பக்கம் ஒரு பெரிய குடுவை. அந்தக் குடுவைக்கு அடியில், ரோமானியப் பேரரசரைப் போல மாலை சூடிய ஒரு தலையை அவர் முதலில் வரைந்திருக்கிறார். பிறகு மூடிவிட்டார். பேரரசரின் புகழும் மண்ணாகும் என்று போதிக்க அதைவிட நல்ல சின்னம் கிடைக்குமா? கையில் இருந்த அந்தச் சின்னத்தை விட்டுவிட்டு, ஒரு குடுவையின் வயிற்றில் ஒளி விழும் விதத்தை அவர் தேர்ந்தார். இது என் வாசிப்பு. அகராதியை நம்பும் எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

இப்போது என்னுடன் ஜெர்மனியின் நியூரம்பெர்க் வாருங்கள். ஹார்லெம் ஓவியர் பீட்டர் கிளாஸ் 1628 வாக்கில் வரைந்த படம் அங்கே இருக்கிறது. மேசையில் வயலின், மண்டை ஓடு, கவிழ்ந்த கண்ணாடிக் கோப்பை, திறந்த பைக்கடியாரம், உடைத்த ஒரு அக்ரூட் கொட்டை. ஓரத்தில் ஒரு கண்ணாடிக் குண்டு. அந்தக் குண்டில் அறை முழுவதும் வளைந்து தெரிகிறது. ஜன்னல் தெரிகிறது, மேசை தெரிகிறது. உள்ளே, விரல்நுனி அளவில், படச்சட்டத்தின் முன்னால் ஓவியர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார்! மண்டை ஓட்டின் பக்கத்திலேயே உயிரோடு ஒரு மனிதன், கையில் தூரிகையுடன். உலகை விட்டவன் தன்னை அங்கே வைத்துக்கொள்வானா? நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று அந்தச் சிறு உருவம் சொல்வது எனக்குக் கேட்கிறது.

கடைசியாக டேவிட் பெய்லி. 1651, லெய்டன். அப்போது அவருக்கு 67 வயது. படத்தில் இளைஞன் ஒருவன் உட்கார்ந்து, ஒரு முதியவரின் சிறு ஓவியத்தைக் கையால் நிமிர்த்திப் பிடித்திருக்கிறான். அந்த முதியவர்தான் வரைந்துகொண்டிருக்கும் பெய்லி. அந்த இளைஞன், போய்விட்ட பெய்லி. வயதானவர் தன் இளமையை முன்னால் உட்காரவைத்து, முகத்தின் தோலை அவ்வளவு கனிவாகத் தீட்டுகிறார். சுற்றிலும் குமிழிகள் மிதக்கின்றன. மேசையிலிருந்து ஒரு தாள் தொங்குகிறது. எதிரணி காட்டிய அதே வரி அதில் எழுதியிருக்கிறது: எல்லாம் மாயை.

அந்த வரியோடு அதே தாளில், டேவிட் பெய்லி வரைந்தது, 1651 என்று தன் பெயரையும் ஆண்டையும் அவர் எழுதியிருக்கிறார்.

நடுவர் அவர்களே, அந்தக் கையெழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.