கண்ணால் கண்ட டார்சியும் காதால் கேட்ட எலிசபெத்தும்

(வாசகர் வட்டத்தின் தொடர் திரையிடல் நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, வாரந்தோறும் இந்த அரங்கை நமக்காகத் திறந்து வைத்த நூலகர் அவர்களே, இனிய வரவேற்புரை நல்கிய செயலாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைமையாசிரியை அம்மையாருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். தொடரைப் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கருத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதல் நாளே விதி வகுத்தவர் அவர். அந்தச் சீட்டுகள்தாம் இதோ என் கையில் இருக்கும் கட்டு. இவற்றை வகைப்படுத்திக் கொடுத்த துணைச் செயலாளருக்கும், திரையையும் ஒலிபெருக்கியையும் பழுதில்லாமல் பார்த்துக்கொண்ட இளைஞர்களுக்கும், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்த மகளிர் குழுவினருக்கும் இந்த அவையின் சார்பில் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாம் பார்த்தது 1995ஆம் ஆண்டு பி.பி.சி. தயாரித்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. ஜேன் ஆஸ்டினின் நாவல். ஆண்ட்ரூ டேவிஸ் திரைக்கதை எழுத, சைமன் லாங்டன் இயக்கினார். ஜெனிஃபர் ஈல் கதாநாயகி எலிசபெத்தாகவும் காலின் ஃபர்த் கதாநாயகன் டார்சியாகவும் நடித்தார்கள். செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 29 வரை, ஆறு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிரிட்டனில் ஒளிபரப்பானது. கோடிப் பேர் பார்த்த தொடர் அது.

உங்கள் சீட்டுகளைப் படித்தபோது நான்கு செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. நடிகர் தேர்வு, அந்தக் குளத்துக் காட்சி, தொடரின் நீளம், கார்ல் டேவிஸின் இசை. இந்த நான்கையும் வரிசையாகப் பேசலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் ஒரு பழமொழி. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இந்த நாவலின் கதையை ஒரே வரியில் சொல் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நடன அரங்கில் டார்சியின் முகத்தைக் கண்ணால் கண்டாள் எலிசபெத்; கர்வக்காரன் என்று முடிவு கட்டினாள். டார்சி தனக்கு அநீதி செய்தான் என்று விக்கம் என்ற இளம் படை அதிகாரி சொன்ன கதையைக் காதால் கேட்டாள், அப்படியே நம்பினாள். இரண்டும் பொய். அவள் தீர விசாரிப்பதற்குப் பாதிக் கதை ஆகிவிடுகிறது.

ரசிகர் கருத்துகளைத் திரட்டுவது ஏதோ தொலைக்காட்சி வந்த பிறகு தோன்றிய வழக்கம் என்று நினைக்காதீர்கள். ஆஸ்டினே அதைச் செய்திருக்கிறார். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்', 'எம்மா' என்ற இரண்டு நாவல்களுக்கும் உறவினரும் நண்பரும் என்ன சொன்னார்கள் என்று தம் கைப்பட எழுதி வைத்தார். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' கதாநாயகி சாரமில்லாதவள் என்று அவருடைய தாயாரே சொன்னது அந்தக் குறிப்பில் இருக்கிறது. 'எம்மா' சுவையாக இல்லை என்று கேள்விப்பட்டு முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தவர் ஒருவர். அவருடைய பெயரும் இருக்கிறது. புகழ்ந்ததையும் இகழ்ந்ததையும் ஒரே தாளில் எழுதிய அந்த மனத்திண்மையை மாணவச் செல்வங்கள் கவனிக்க வேண்டும்.

நடிகர் தேர்வுக்கு வருகிறேன். "ஈல் அழகாகச் சிரிக்கிறார், ஆனால் நான் நினைத்த எலிசபெத் இவர் இல்லை" என்று ஒரு சீட்டு. "இவரைத் தவிர வேறு யாரையும் இனி எலிசபெத்தாக நினைக்க முடியாது" என்று இன்னொன்று. இரண்டும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதியவை. இதில் யார் பக்கம் நான் நிற்பது? 1813 மே மாதம் ஆஸ்டின் லண்டனில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனார். அங்கே வெள்ளை உடையும் பச்சை அணிகளும் பூண்ட ஒரு பெண்ணின் சிறிய ஓவியத்தைப் பார்த்து, 'இது அச்சு அசலாக ஜேன்தான்' என்று அக்காவுக்கு எழுதினார். ஜேன் என்றால் நாவலில் எலிசபெத்தின் அக்கா, டார்சியின் நண்பன் பிங்லியை மணந்தவள். எலிசபெத்தைத் தேடினார். மஞ்சள் உடையில் இருப்பாள் என்று எதிர்பார்த்தார். அந்தக் கண்காட்சியிலும் கிடைக்கவில்லை, அடுத்துப் போன கண்காட்சியிலும் கிடைக்கவில்லை. படைத்தவருக்கே கிடைக்காத முகத்தை நடிகர் தேர்வுக் குழு எப்படிக் கண்டுபிடிக்கும்? நாவலில் எலிசபெத்தின் முகத்துக்குக் கிடைக்கும் வர்ணனை மிகக் குறைவு. கருவிழிகளின் அழகிய பாவம் முகத்துக்கு அறிவுக்களை தந்தது என்று டார்சி உணர்கிறான், அவ்வளவுதான். மீதி முகத்தை வாசகர்தான் வரைய வேண்டும். வரைந்து வைத்திருந்தவர்களுக்கு ஈல் பொருந்தவில்லை. வரையாமல் வந்தவர்களுக்குப் பொருந்திவிட்டார். நான் சொல்ல வந்த காரியத்துக்கு இது அடிக்கல். அதற்குப் பிறகு வருகிறேன்.

சீட்டுகளில் அதிகமாகத் திட்டு வாங்கியவர் எலிசபெத்தின் தாய் திருமதி பென்னட்டாக நடித்த அலிசன் ஸ்டெட்மன். கத்துகிறார், காதைப் பிளக்கிறார், மிகை நடிப்பு. தாய்மார்களே, நான் அந்த அம்மாளுக்காக வாதாட விரும்புகிறேன். அவருக்கு ஐந்து பெண்கள். கணவருடைய சொத்தின் ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. ஆனால் அது ஆண் வாரிசுக்குத்தான் போகும் என்று கட்டி வைத்த சொத்து. கணவர் கண்ணை மூடினால் வீடும் நிலமும் காலின்ஸ் என்ற தூரத்து உறவினருக்குப் போய்விடும். தாய் இறந்த பிறகு எலிசபெத்துக்கு வரக்கூடியது 1,000 பவுண்டு என்று அந்தக் காலின்ஸே பெண் கேட்க வந்த இடத்தில் கணக்குச் சொல்லிக் காட்டுகிறார். இந்த நிலையில் ஐந்து பெண்களைப் பெற்ற தாய் மெல்லிய குரலிலா பேசுவாள்? ஆஸ்டின் அவரை அறிவு குறைந்தவர் என்றுதான் எழுதினார், மறுக்கவில்லை. ஆனால் தந்தை நூலக அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நகைச்சுவை பேசிக்கொண்டிருக்க, அந்த வீட்டில் நாளையைப் பற்றிக் கவலைப்பட்டவர் தாய் ஒருவர்தான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பது அந்தக் கூச்சலுக்கும் பொருந்தும்.

அடுத்து, குளம். தம்முடைய பெம்பர்லி மாளிகையில் டார்சி குளத்தில் குதித்து, நனைந்த சட்டையோடு எலிசபெத்தின் எதிரில் வருகிறாரே, அந்தக் காட்சி நாவலில் கிடையாது. திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் சேர்த்தது. செஷயரில் உள்ள லைம் பார்க்கில் படமாக்கினார்கள். 2013ஆம் ஆண்டு லண்டன் ஹைட் பார்க் ஏரியில், நெஞ்சளவு தண்ணீரில் நிற்கும் டார்சிக்கு 12 அடிச் சிலையே வைத்தார்கள் என்றால் அந்தக் காட்சி மக்கள் மனத்தில் எவ்வளவு ஊன்றிவிட்டது என்று பாருங்கள். நாவலில் 43ஆம் அத்தியாயத்தில் என்ன நடக்கிறது? குதிரை லாயத்துப் பக்கமிருந்து வீட்டுக்குச் சொந்தக்காரரான டார்சி நடந்து வருகிறார். இருவருக்கும் இடையே இருபது கஜம். ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. இருவர் கன்னமும் சிவந்துபோகின்றன. அவ்வளவே. என்னைக் கேட்டால் அந்த இருபது கஜத்துக்கு எந்தக் குளமும் ஈடாகாது.

அதைவிட முக்கியம், அதற்குச் சற்று முன்பு வீட்டுப் பொறுப்பாளர் திருமதி ரெனால்ட்ஸ் சொல்வது. நான்கு வயதுப் பிள்ளையாக இருந்த நாள் முதல் அவரைத் தெரியும், ஒரு கடுஞ்சொல் அவரிடம் கேட்டதில்லை என்கிறார். தீர விசாரிப்பது என்றால் இதுதான். வேலைக்காரரிடம் ஒருவன் எப்படிப் பேசுகிறான் என்று கேட்டறிவது. தொடரிலும் அந்த அம்மையார் வருகிறார். ஆனால் ஒரு சீட்டிலாவது அவர் பெயர் இல்லை. குளம் அத்தனை சீட்டுகளிலும் இருக்கிறது.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு பகுதி இழுவை என்றார்கள் சிலர். 2005இல் வந்த திரைப்படம் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டியது. 61 அத்தியாயங்களை அதற்குள் அடைத்தால் மூச்சு முட்டும். ஆறு பகுதியும் வேண்டும் என்பது என் கட்சி. அப்படியும், எலிசபெத் சாட்டிய குற்றங்களுக்கு விளக்கமாக டார்சி அவளுக்கு எழுதும் கடிதம் அடிபட்டுப் போயிற்று. திரையில் டார்சியின் குரலில் கடிதம் ஒலிக்கிறது, பழைய நிகழ்ச்சிகள் படமாக ஓடுகின்றன, நாம் நம்பிவிடுகிறோம். நாவலில் எலிசபெத் அதைக் கோபத்தோடு படிக்கிறாள், இனி பார்ப்பதில்லை என்று மடித்து வைக்கிறாள், அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி எடைபோடுகிறாள். கடிதம் கிடைத்த பாதையிலேயே இரண்டு மணி நேரம் அலைகிறாள். மறுவாசிப்புதான் அவளை மாற்றுகிறது, பெரியோர்களே.

இப்போது நான் பல மேடைகளில் சொல்லிவரும் காரியத்துக்கு வந்துவிட்டேன். வாய்விட்டு வாசிக்க வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். இந்த நாவல் உலகத்துக்கு வந்த விதத்தைக் கேளுங்கள்.

1813 ஜனவரி 27, புதன்கிழமை. சாட்டன் என்ற சிற்றூர். லண்டனிலிருந்து மூன்று பாகங்கள் கொண்ட முதல் பிரதி ஆஸ்டின் வீட்டுக்கு வந்து சேர்கிறது. 'என் செல்லக் குழந்தை வந்துவிட்டது' என்று ஆஸ்டின் அக்காவுக்கு எழுதுகிறார். முகப்பில் அவர் பெயர் இல்லை. முந்தைய நாவலை எழுதியவர் எழுதியது என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. அன்றைக்கென்று சாப்பாட்டுக்கு ஒரு விருந்தாளி. மிஸ் பென் என்ற அண்டை வீட்டு அம்மையார். மணமாகாதவர், வசதி குறைந்தவர். அவருக்கு இதை எழுதியவர் யார் என்று தெரியாது. தாயும் மகளும் சொல்லவும் இல்லை. இப்படி ஒரு புத்தகம் வரப்போகிறது என்று லண்டனிலுள்ள சகோதரர் சொன்னார், வந்ததும் அனுப்பச் சொல்லியிருந்தோம் என்று ஒரு முன்னுரை சொல்லிவிட்டு, சாப்பாடு முடிந்ததும் வாசிக்கத் தொடங்கினார்கள். ஒரே மாலையில் முதல் பாகத்தில் பாதி!

நினைத்துப் பாருங்கள். எழுதியவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். கேட்கிறவர் மனத்தில் எழுவது எதையும் ஒளிக்காமல் முகத்தில் காட்டுகிறார், ஏனென்றால் ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. எங்கே சிரிக்கிறார், யாரைப் பிடிக்கிறது என்று ஆஸ்டின் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மிஸ் பென் ரசித்தார். எலிசபெத்தை அவருக்கு மெய்யாகவே பிடித்துவிட்டது. அதை எழுதும்போது ஆஸ்டினுக்குப் பொங்கி வருகிறது. அச்சில் வந்த பெண்களில் இவளைப் போல் இனியவள் இல்லை, இவளைப் பிடிக்காதவர்களை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வேனோ தெரியவில்லை என்கிறார். இந்த நாவலுக்கு நாமறிந்த முதல் ரசிகர் கருத்து, ஏழ்மையில் வாழ்ந்த ஒரு பெண்மணி, வாசிக்கக் கேட்டுத் தந்த கருத்து.

இரண்டாவது மாலை அவ்வளவு நன்றாக அமையவில்லை. காரணம், தாயார் வேகவேகமாக வாசித்துவிட்டார். பாத்திரங்களை நன்றாகப் புரிந்துகொண்டவர்தான், ஆனால் அவர்கள் பேச வேண்டியபடி பேச அவருக்கு வரவில்லை என்று மகள் வருந்துகிறார். 'என்றான்', 'என்றாள்' என்று இன்னும் சில இடங்களில் போட்டிருந்தால் உரையாடல் தெளிவாக இருந்திருக்கும் என்றும் அதே நாட்களில் எழுதுகிறார். அதாவது அந்த உரையாடல்களைக் குரலில் பிரித்துக் காட்ட வேண்டியது வாசிக்கிறவர் பொறுப்பு. முதல் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ முழுவதும் கணவனும் மனைவியும் பேசுவதுதான். இரண்டு குரல் இருந்தால் போதும், வீட்டுக் கூடம் மேடையாகிவிடும்.

எப்படி வாசிக்கக் கூடாது என்பதையும் அதே நாவல் 14ஆம் அத்தியாயத்தில் காட்டுகிறது. காலின்ஸை வாசிக்கச் சொல்கிறார்கள். நாவலைக் கொடுத்தால் பதறுகிறார். இளம்பெண்களுக்கான அறவுரை நூல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரே தொனியில் வாசிக்கிறார். மூன்று பக்கம் முடிவதற்குள் கடைக்குட்டி லிடியா குறுக்கே பேசிவிடுகிறாள். அவளை ஏன் குறை சொல்ல வேண்டும்?

இசையைப் பற்றி எழுதியவர்கள் பொறுத்தருள வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நேரம் தந்த அவருடைய பெருந்தன்மைக்கு நன்றி கூறி, என் கோரிக்கையை வைத்துவிடுகிறேன்.

தொடர் முடிந்துவிட்டது. அடுத்த படம் எது என்று கேட்டு இன்று மாலையே செயற்குழு கூடவிருக்கிறது. ஒரு பருவத்துக்குத் திரையை மடித்து வையுங்கள் என்று கேட்கிறேன். இதே அரங்கில், இதே கிழமையில், இதே நாவலை முதல் அத்தியாயத்திலிருந்து வாய்விட்டு வாசிப்போம். ஆங்கிலத்தில் ஒரு பத்தி, உடனே தமிழில் அதன் பொருள். ஆங்கிலம் வராது என்பதால் எந்தத் தாயும் வெளியே நிற்கக் கூடாது. கண்ணால் கண்டாயிற்று, இனி காதால் கேட்போம், பிறகு தீர விசாரிப்போம். அப்போது மறுபடியும் சீட்டு எழுதிக் கொடுங்கள். இந்தக் கட்டோடு ஒப்பிட்டுப் பேச நான் வருகிறேன்.

நூலகர் அவர்கள் நான்கு பிரதிகள் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். திருமதி பென்னட்டின் பகுதியைத் தலைமையாசிரியை அம்மையார் வாசிக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட விண்ணப்பம். டார்சியின் அத்தை முறையான லேடி கேத்தரினுக்கும் காலின்ஸுக்கும் குரல் தேவை, மாணவர்கள் முன்வரலாம். விண்ணப்பத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. பெயரையும், எந்தப் பாத்திரம் என்பதையும் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.