ரொட்டி பாய்க்கு அப்பா சொன்ன பதில்

நடுவர் அவர்களுக்கு வணக்கம், பங்கு சாமிக்கு ஸ்தோத்திரம், பின்னாடி மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்த பிரிச்சிட்டு உக்காந்திருக்கிற இளைஞர்களுக்கும் வணக்கம். வணக்கம் முடிஞ்சது.

செத்துப்போனவங்கள மறக்க விடாம வச்சிருக்கிறது கல்லறைத் திருநாளா, வீட்டு மாலை ஜெபமா? நான் ஜெபத்துக்குப் பேச வந்தவன். எதிரணித் தங்கச்சி பிரமாதமா பேசிட்டுப் போச்சு, நவம்பர் 2, பினாங்கு வெஸ்டர்ன் ரோட் கல்லறை, மெழுகுவர்த்தி, பூ மாலைன்னு. கூடவே பைபிள்ல மக்கபேயர் ரெண்டாம் புத்தகம் 12ம் அதிகாரம் வேற, யூதா மக்கபே செத்த வீரர்களுக்காக ஜெருசலேமுக்கு ரெண்டாயிரம் திராக்மா வெள்ளி அனுப்புனாராம். ஏம்மா, அவரு நவம்பர் வரைக்கும் காத்திருந்தா அனுப்புனாரு? காச அனுப்புறதுக்கு முன்னாடியே எல்லாரும் அங்கனயே மன்றாடுனாங்க, 42ம் வசனத்த தாண்டிப் போயிட்டியேம்மா!

அது கிடக்கட்டும். போற போக்குல ஒண்ணு சொல்லிச்சு பாருங்க, "கல்லறைக்கு வர்றவன் முழிச்சிட்டு வர்றான், ஜெபத்துல உக்காந்தவன் தூங்கிட்டு இருக்கான்"னு. நீங்களும் கைதட்டுனீங்க. நான் எழுதிட்டு வந்த பாயிண்ட் எல்லாம் இப்ப பாக்கெட்டுக்குப் போகுது, இதுக்கு மட்டும்தான் பதில்.

ஆமா, தூங்குவோம். எங்கப்பா தூங்குவாரு. ஜெலுத்தோங்ல எங்க வீடு, ராத்திரி ஏழரைக்கு ஜெபமாலை, 53 அருள் நிறைந்த மரியே, அதுக்கப்புறம் மாதா பிரார்த்தனை, அம்மா மாதாவோட பட்டப்பேர ஒவ்வொண்ணா சொல்ல, மத்தவங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரே பதில் சொல்லணும். மனுஷன் விடிகாலைல போயி பாசார்ல மூட்டை தூக்குறவரு, மூணாவது பத்துலயே தலை தொங்கிடும். ஆனா வாய் தூங்காது சார்! அம்மா "விடியற்காலத்தின் நட்சத்திரமே"ன்னா கண்ண மூடிக்கிட்டே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே," "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." ஒரு நாள் அம்மா மூச்சு வாங்க நிறுத்துனாங்க, சரியா அந்த நேரம் பாத்து மோட்டார் சைக்கிள்ல ரொட்டி விக்கிற பாயோட மோட்டோ கேட்டுக்கு முன்னாடி வந்து நிக்குது, ஆரன் அடிச்சு, "ரொட்டீ...!"

அப்பா, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

இருங்க இருங்க, முடியல. பாய்க்கு ஒண்ணும் புரியல, சரியா கேக்கலையோன்னு மறுபடியும் கூப்பிடுறாரு, "ரொட்டி, காயா ரொட்டி!" அப்பா இன்னும் சத்தமா, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என் தங்கச்சி முட்டி போட்டபடியே தரைல சாஞ்சு சிரிக்குது, அம்மா ஜெபமாலையாலயே அப்பா தோள்ல ஒண்ணு போட்டாங்க, அவரு முழிச்சிப் பாத்து "ஆமென்"ன்னாரு. மறுநாள் பாய் கேட்டாரு, "ஏன்க்கா, அண்ணன் நேத்து கடன் கேட்டாரா, வேண்டாம்னாரா?" அதுலேர்ந்து எங்க வீட்டுக்கு வந்தா அவரு ரொட்டின்னு கூப்பிடுறதே இல்ல, ரெண்டு ஆரன் மட்டும்தான்.

போன வருஷம் அப்பா போயிட்டாரு.

அடக்கம் முடிஞ்ச அன்னைக்கும் ஏழரைக்கு உக்காந்தோம், எப்படின்னு கேக்காதீங்க. கடைசில எங்க வீட்ல ஒரு வழக்கம், மோட்சம் போகக் காத்திருக்கிற, உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லி, செத்தவங்க பேர ஒவ்வொண்ணா சொல்லுவோம், எப்பவும் அப்பாதான் சொல்லுவாரு, அவங்கப்பா பேர்லேர்ந்து ஆரம்பிச்சு. அன்னைக்கு அந்த லிஸ்ட்ட அம்மா சொன்னாங்க, கடைசிப் பேருக்கு வந்தப்ப புருஷன் பேரச் சொல்லிப் பழக்கமில்லாத வாய், "இவுங்கப்பா"ன்னு என்னையக் காட்டி நிறுத்திட்டாங்க. வெளியில மோட்டோ சத்தம் கேட்டுச்சு. ஆரன் இல்ல. பாய் எஞ்சின ஆஃப் பண்ணிட்டு வண்டிய எங்க வீட்டத் தாண்டித் தள்ளிக்கிட்டே போறாரு.

அப்படியே ஒரு மாசம் தள்ளிக்கிட்டேதான் போனாரு, நடுவரே. மணி அடிங்க, அடிங்க, முடிச்சிடுறேன். ஒரு நாள் அம்மாவே என்னையக் கூப்பிட்டு, "அந்த பாய்கிட்ட பழையபடி கூப்பிடச் சொல்லு"ன்னாங்க. மறுநாள் மாதா பிரார்த்தனை பாதி போயிட்டிருக்கு, கேட்டுக்கு வெளிய கூச்சத்தோட மெதுவா ஒரு குரல், "ரொட்டி..."

நான், தங்கச்சி, ஆறு வயசு என் மகன், யாரும் யாரையும் பாக்கல, எல்லாரும் ஒண்ணா, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அம்மா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. அப்பா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சாங்க. அப்புறம் கண்ணத் தொடச்சிட்டு, "எதுல விட்டேன்?"னு கேட்டு அடுத்த வரியச் சொன்னாங்க.