புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற செவிலியர். கன்னியாகுமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் இடையில்தான் எங்கள் வீடு. நம் பகுதித் திருச்சபைகள் ஒன்றாகச் சேர்ந்து நோயாளிகளுக்கு என்ன செய்யலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊர் ரோடு உங்களுக்குத் தெரியும். ஒரு சி.எஸ்.ஐ. சபை, அடுத்த வளைவில் லத்தீன் கத்தோலிக்க ஆலயம், மேட்டில் மலங்கரைக் கோவில், இறக்கத்தில் இரட்சணிய சேனை, நடுவில் தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே கூடம். லூத்தரன்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எல்லா இடத்திலும் சுகமில்லாதவர்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம். ஜனவரி 18 முதல் 25 வரை ஒற்றுமைக்காகவும் ஜெபிக்கிறோம், வடையும் டீயும் சாப்பிடுகிறோம். நல்லதுதான். 26-ஆம் தேதி யாரும் யாரையும் தேடுவதில்லை.

மருத்துவம் நம் சபைகளுக்குப் புதிதல்ல. நெய்யூரில் 1838-லேயே டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கிவிட்டார். நாகர்கோவிலில் 1893-இல் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இரட்சணிய சேனை இளைஞர் ஒரு குளியலறையில் வைத்துத்தான் மருந்து கொடுக்க ஆரம்பித்தார். அதுதான் பின்னால் கேதரின் பூத் ஆஸ்பத்திரி ஆயிற்று. எவரெஸ்டில் ஏறப்போன டாக்டர் சாமர்வெல், 1922 பயணம் முடிந்த கையோடு நெய்யூருக்கு வந்து, அங்கிருந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையே வேண்டாம் என்று பிறகு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், நானும் சொல்வேன். ஆனால் இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் பிரச்சினை.

திருவனந்தபுரத்தில் 1981-இல் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மருத்துவமனை வந்ததிலிருந்து நம் பக்கத்துப் புற்றுநோயாளிகள் விடியற்காலை பஸ் பிடித்து அங்கேதான் போகிறார்கள். ஒரு நாள் டாக்டர், "இனி வீட்டில் வைத்துப் பார்த்தால் போதும்" என்பார். பாறசாலைக்கு அந்தப் பக்கத்து, கேரளத்துக்காரர் என்றால் பஞ்சாயத்து மூலம் வீட்டுக்கே நர்ஸ் வருவார். 1993-இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரணப் பணி, ஊர்மக்களே நடத்தும் அளவுக்கு அங்கே வளர்ந்துவிட்டது. நமக்கு 2021 முதல் தமிழ்நாட்டு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது, அதிலும் வலி நிவாரண சிகிச்சை உண்டு. சரி, நர்ஸ் அரைமணி நேரம் இருப்பார். மீதி நேரம்?

இங்கேதான் நான் படுக்கைப்புண்ணுக்கு வருகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் "ஆரம்பிச்சாச்சு" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாளில் பன்னிரண்டு முறை. இல்லையென்றால் இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பக்கம், குதிகால், தோள்பட்டை, இங்கெல்லாம் முதலில் சிவக்கும். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது, தோல் பிய்ந்துவிடும். சிவப்பை விட்டுவிட்டால் குழி விழும், எலும்பு தெரியும். தண்ணீர் மெத்தை போட்டிருக்கிறோமே என்பார்கள். மெத்தை உதவும், ஆனால் மெத்தை புரட்டாது.

புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். தனியாளாக இழுத்தால் தோல் விரிப்பில் உரசும், இழுப்பவருக்கு நடு முதுகு போய்விடும். இடுப்புக்கு அடியில் ஒரு மடித்த வேட்டியைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒன்று இரண்டு சொல்லித் தூக்கித் திருப்ப வேண்டும். நம் வீடுகளில் மகன் வளைகுடாவில் இருக்கிறான், மருமகள் வேலைக்குப் போகிறாள், கிழவரோடு கிழவி மட்டும்தான். இரண்டாவது ஆள் எங்கே? பக்கத்து வீட்டில். பக்கத்து வீட்டுக்காரர் வேறு சபை.

எங்கள் தெருவில் ஒரு கத்தோலிக்க மாமி. மாமாவுக்குப் பக்கவாதம். அடுத்த வீட்டில் பெந்தெகொஸ்தே பிள்ளை ஒருத்தி, கம்மல்கூடப் போடமாட்டாள். "மாமி, கூப்பிட்டா நான் வரமாட்டேனா?" என்று இவள் கேட்கிறாள். மாமி என்னிடம் வந்து, "வருவா மக்களே, வந்தா ஜெபமாலையைக் கழற்றச் சொல்லுவாளே" என்கிறார். இதுதான் நம் ஊர் நோய். ஆள் பிடிக்க வருகிறார்கள் என்ற பயம். காரணமில்லாத பயம் என்றும் சொல்ல முடியாது.

அதனால் போதகரும் பங்குத்தந்தையும் பாஸ்டரும் உட்கார்ந்து ஒரே ஒரு விதி போட்டார்கள். உதவிக்குப் போகிறவர் துண்டுப்பிரதி கொண்டுபோகக் கூடாது. வீட்டார் கேட்டால்தான் ஜெபம், அதுவும் அவர்கள் முறைப்படி. இந்து வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் இதேதான். அந்தப் பிள்ளை போனாள். புரட்டும்போது மாமாவின் ஜெபமாலை முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மணி குத்தினாலும் புண் வருமல்லவா? அவளே அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "பிடிச்சுக்கோங்க மாமா" என்றாள். மாமிக்கு அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. இப்போது மதியமும் ராத்திரியும் அவளைத்தான் கூப்பிடுகிறார்.

இதற்கு நன்கொடை வசூல் தேவையில்லை, கமிட்டிகூட வேண்டாம். ஊரில் ஒரு வார்டில் படுத்திருப்பவர்கள் எத்தனை பேர், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எந்த நேரம் யார் வருவார், இவ்வளவுதான் நோட்டில் எழுத வேண்டும். சி.எஸ்.ஐ. பெண்கள் ஐக்கிய சங்கமும் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேரும் அன்பியமும் வாரம் தவறாமல் கூடுகின்றன. சபைக்கென்று வீடுகளில் கைப்பிடி அரிசி எடுத்த தாய்மார்களின் பேத்திகளுக்கு வீடு வீடாகப் போவது தெரியாதா? அப்புறம் அந்தச் சக்கர நாற்காலிகள். ஒவ்வொரு சபையும் தனித்தனியாக வாங்கி, பெயர் எழுதி, பொருள் அறையில் பூட்டி வைத்திருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் கமிட்டியைக் கேட்க வேண்டுமாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிந்தது என்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். மார்ஃபின் பற்றியும் கவனித்துக்கொள்பவர்களின் தூக்கம் பற்றியும் விரிவாகச் சொல்ல வந்தேன், நேரமில்லை. சுருக்கமாக: வலிக்கு டாக்டர் எழுதிய மார்ஃபினை, அடிமையாகிவிடுவார் என்று பயந்து நிறுத்தாதீர்கள். ஜெபித்தாயிற்று, மாத்திரை வேண்டாம் என்று யார் சொன்னாலும், எந்த மேடையிலிருந்து சொன்னாலும், கேட்காதீர்கள். மருத்துவரை மதிக்கச் சொல்லும் ஒரு அதிகாரமே கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக் நூலில் இருக்கிறது, மற்ற சபையார் இரவல் வாங்கி வாசிக்கலாம்.

இன்னும் ஒன்று. தண்ணீர் மெத்தையைத் திருப்பிக் கொடுக்கும்போது தண்ணீரை முழுக்க வடித்து, நிழலில் காயவைத்து, பவுடர் தூவி மடியுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிடும், அடுத்த வீட்டுக்கு உதவாது. வணக்கம்.