ஒருவர் ஆடி, மூவருக்கு இடம்

நேயர்களுக்கு வணக்கம். ஃபிகர் ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப்பைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் யார் எத்தனை சுற்று சுற்றித் தாவினார், யார் விழுந்தார் என்றுதான் கவனிப்பார்கள். எனக்கோ, அந்தப் பனித்தளத்தில் இறங்க யாருக்கு எப்படி இடம் கிடைத்தது என்பதில் ஆர்வம் அதிகம்.

ஏனென்றால் அந்த இடம் வீரருக்கு உரியதல்ல, நாட்டுக்கு உரியது. ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று இடங்கள். இந்த ஆண்டு அந்நாட்டு வீரர்கள் எத்தனையாவதாக வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த ஆண்டுக்கான கணக்கு. ஒரு நாட்டிலிருந்து ஒருவர் மட்டும் போயிருந்தால், அவர் முதல் இரண்டுக்குள் வந்தால் மூன்று இடங்கள், 3 முதல் 10 வரை வந்தால் இரண்டு, அதற்கும் கீழே என்றால் ஒன்றுதான். போட்டியை நடத்தும் நாட்டுக்கும் இதில் சலுகை கிடையாது. ஒலிம்பிக் இடங்களில் பெரும்பாலானவையும் அதற்கு முந்தைய உலக சாம்பியன்ஷிப்பில்தான் முடிவாகின்றன.

2013 மார்ச்சில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் நடந்த போட்டியைச் சொல்கிறேன். தென்கொரியாவுக்குப் பெண்கள் பிரிவில் ஒரே ஓர் இடம். வந்தவர் கிம் யுனா. 2010 ஒலிம்பிக் தங்கம் வென்றவர்தான். ஆனால் 2011க்குப் பிறகு போட்டிகளை விட்டு விலகியிருந்தார். ஒலிம்பிக் சாம்பியன் என்பதற்காக யாரும் கதவைத் திறந்து வைக்கவில்லை. உலகப் போட்டிக்கு வர, குறைந்தபட்சத் தொழில்நுட்பப் புள்ளியை (தாவல், சுழற்சி போன்றவற்றுக்குத் தரும் புள்ளி) வேறொரு பன்னாட்டுப் போட்டியில் முதலில் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்காக 2012 டிசம்பரில் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு சிறிய போட்டிக்குப் போனார். 201.61 புள்ளிகள் எடுத்துவிட்டு வந்தார்.

லண்டன் அப்போது நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஊர். அரங்கமும் ஐஸ் ஹாக்கி அரங்கம். ஹாக்கிக்குப் பனி கெட்டியாக இருக்க வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு மைனஸ் 3, 4 டிகிரி அளவில் கொஞ்சம் இளகலாக இருந்தால்தான், தாவி இறங்கும்போது பிளேடின் விளிம்பு பனியைக் கவ்விப் பிடிக்கும். அந்தப் பதத்தை நாள் முழுக்கக் காப்பாற்றுவது நடத்துகிற ஊரின் தலையாய வேலை. ஆறு ஆறு பேராக வந்து ஆறு நிமிடம் பயிற்சி செய்வார்கள். அதிலேயே பனி கீறல் கீறலாகிவிடும். இடையிடையே வண்டி ஓட்டிச் சீவி, வெந்நீர் விட்டுத் தளத்தை மறுபடி வழவழப்பாக்க வேண்டும். இந்த உழைப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தமே.

சரி, கிம் யுனாவுக்கு வருவோம். இறுதிச் சுற்றில் கடைசியாக ஆடினார். காற்றில் மூன்று சுற்றுச் சுற்றும் லுட்ஸ் என்ற தாவல், இறங்கிய வேகத்திலேயே டோ லூப் என்ற இன்னொரு மூன்று சுற்றுத் தாவல். அதன்பின் நான்கு நிமிடமும் ஒரு தடுமாற்றம் இல்லை. மொத்தம் 218.31. இரண்டாவதாக வந்த இத்தாலியின் கரோலினா காஸ்ட்னரைவிட 20 புள்ளிகளுக்கு மேல் அதிகம். பரிசளிப்பின்போது உள்ளூர்ப் பாடகர் குழுவினர் தென்கொரியாவின் தேசிய கீதத்தைக் கொரிய மொழியிலேயே பாடினார்கள். விருந்தாளியை மதிக்கத் தெரிந்த ஊர் அது.

அந்த ஒரு வெற்றியால் தென்கொரியாவுக்கு 2014 சோச்சி ஒலிம்பிக்கில் மூன்று இடங்கள் கிடைத்தன. 16 வயதுப் பெண்கள் இருவர், கிம் ஹே-ஜின், பார்க் சோ-யோன், கிம் யுனாவோடு சென்றார்கள். சோச்சியில் அவர்கள் பிடித்தது 16, 21 ஆகிய இடங்கள்தான். இதில் குறையொன்றும் இல்லை. அடுத்த மாதமே ஜப்பானின் சைதாமாவில் நடந்த உலகப் போட்டியில் பார்க் சோ-யோன் ஒன்பதாவதாக வந்தார். பெரிய மேடையில் ஒருமுறையாவது நின்று பார்க்காமல் அந்தத் துணிச்சல் வருமா? திறமையை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தால் போதாதா என்று இந்த விதியைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் இதை நல்ல விதி என்பேன்.

2023இல் அதே சைதாமாவில் ஆண்கள் பிரிவில் தென்கொரியாவுக்கு மறுபடி ஒரே இடம். சா ஜுன்-ஹ்வான் தனியாளாகப் போய் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு மான்ட்ரியாலுக்கு அந்நாட்டிலிருந்து ஆண்கள் மூவர் போனார்கள்.